'நாங்கள்' எப்போது 'நாம்' ஆகிறது?

"அரசியல் கொந்தளிப்பு நேரத்தில் மக்களைத் தெருவுக்கு இழுத்து வருவது அடையாளமா, உணர்ச்சியா? உணர்ச்சி என்றால், அது வடிந்ததும் போராட்டங்கள் ஏன் சரிந்துவிடுகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். மனிதர்களிடம் ஓர் அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது, அதன்மீது அடி விழுகிறது, கோபம் பொங்குகிறது, போராட்டம் வெடிக்கிறது: இப்படி ஒரு வரிசையை நம்மில் பலரும் மனத்தில் வைத்திருக்கிறோம். நான் படித்து அறிந்த போராட்டங்களில் பெரும்பாலானவை இந்த வரிசைப்படி நடக்கவில்லை. தெருவுக்கு வந்த அன்று தாங்கள் யார் என்பது அவர்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. பலரிடம் கோபமும் இல்லை. பயம் இருந்தது, வெட்கம் இருந்தது, துக்கம் இருந்தது. கூடி நின்ற பிறகுதான் கோபம் வந்தது. யாரோடு சேர்ந்து நிற்கிறோம் என்ற தெளிவு அதற்கும் பிறகு வந்தது.

இதைப் பேசுவதற்குத் தமிழில் ஒரு வசதி உண்டு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். நமக்கு இரண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. இலக்கணக்காரர்கள் இதை உளப்பாட்டுத் தன்மை என்பார்கள். ஒரு போராட்டத்தின் வரலாற்றை இந்த இரண்டு சொற்களுக்கு இடையே நடக்கும் போக்குவரத்தாகவே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிஞர்கள் இதில் நூறாண்டுக்கும் மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1895இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெபோன், கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவை இழந்துவிடுகிறான் என்று எழுதினார். ஆட்சியாளர்களுக்கு மிகவும் பிடித்த கருத்து, இன்றும் பிடிக்கிறது. 1970களில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள். போராடுகிறவர்கள் கணக்குப் போட்டுச் செயல்படுகிறவர்கள், பணமும் அமைப்பும் ஆள்பலமும் சேர்ந்தால் இயக்கம் நடக்கும் என்றார்கள். போராட்டக்காரர்களைப் பைத்தியக்காரர்கள் என்ற பழியிலிருந்து காப்பாற்றும் அவசரத்தில் அவர்களுடைய கண்ணீரையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்துதான் ஜேம்ஸ் ஜாஸ்பர், ஜெஃப் குட்வின், பிரான்செஸ்கா பொலெட்டா போன்ற சமூகவியலாளர்கள் உணர்ச்சியை மறுபடியும் ஆய்வுக்குள் அழைத்துவந்தார்கள். உணர்ச்சி அறிவுக்கு எதிரி என்பதையே அவர்கள் ஏற்கவில்லை. ஒருவருக்குக் கோபம் வருகிறது என்றால், நடந்தது அநியாயம், அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார் என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார் என்றுதானே பொருள்? விதி என்று நினைத்திருந்தவரை அவருக்குக் கோபம் வந்திருக்காது.

கோட்பாட்டில் இதற்குமேல் நேரம் செலவழிக்க விருப்பமில்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் தேவைப்படுகிறது. 1978இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் போட்டது. ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர், யார் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிவிடுவார். இரண்டாமவர், ஒருவர் இறங்கியதைப் பார்த்தால் இறங்குவார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் முன்னால் போக வேண்டும், நான்காமவருக்கு மூன்று பேர். இப்படியே போய் நூறாமவருக்குத் தொண்ணூற்றொன்பது பேர். முதலாமவர் காலை எடுத்து வைத்தால் போதும், நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரேயொரு மாற்றம் செய்வோம். இரண்டாமவருக்குத் துணிச்சல் ஒரு பிடி குறைவு. அவருக்கும் இரண்டு பேர் தேவை. முதலாமவர் தனியாக நிற்பார். வேறு யாரும் அசைய மாட்டார்கள். மறுநாள் செய்தித்தாள் முதல் ஊரைப் பற்றி 'மக்கள் கொதித்தெழுந்தனர்' என்று எழுதும். இரண்டாவது ஊரைப் பற்றி 'ஒருவர் ரகளை' என்று எழுதும். இரண்டு ஊரிலும் மனக்குறையின் அளவு ஏறத்தாழ ஒன்றேதான்.

பொருளியலாளர் திமுர் குரான் இதே கணக்கைச் சர்வாதிகார நாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார். எல்லோரும் உள்ளுக்குள் வெறுக்கிறார்கள், எல்லோரும் வெளியே கைதட்டுகிறார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவரின் கைதட்டலை நிஜம் என்று நம்புகிறார்கள். 1989இல் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் ஒவ்வொன்றாக விழுந்தபோது உளவுத்துறைகள் மட்டும் திகைக்கவில்லை, போராடியவர்களே திகைத்துப்போனார்கள்.

அந்த ஆண்டின் லைப்சிக் நகரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனி, அக்டோபர் 9, திங்கட்கிழமை. அங்குள்ள நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானப் பிரார்த்தனை நடந்துவந்தது. பல ஆண்டுகள் அது ஒரு சிறு கூட்டம்தான். அந்த வாரம் நிலைமை வேறு. மூன்று நாட்களுக்கு முன் உள்ளூர்ச் செய்தித்தாளில் தொழிலாளர் படைத் தலைவர் ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது: தேவையானால் கையில் ஆயுதத்தோடு எதிர்ப்புரட்சியை நிறுத்துவோம் என்று. ஜூன் மாதம் பெய்ஜிங்கில் போராடியவர்களை இராணுவம் சுட்டுக் கொன்றது எல்லோர் மனத்திலும் இருந்தது. மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேமித்து வைக்கப்பட்டது. மழலையர் பள்ளியிலிருந்து குழந்தைகளைச் சீக்கிரமே அழைத்துப் போகும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அன்று மாலை ஏறத்தாழ 70,000 பேர் நகரைச் சுற்றியுள்ள வட்டச் சாலையில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

அவர்கள் பயம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது, திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் வீட்டில் பேசிவிட்டு வந்தவர்கள் உண்டு. வந்தவர்களின் கையில் மெழுகுவத்தி. அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் கிறிஸ்டியான் ஃபியூரர் பின்னாளில் கொடுத்த விளக்கம் என் நினைவிலிருந்து போவதில்லை: மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் கொண்டுபோக இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று மறைக்க, கல்லெடுக்கக் கை மிஞ்சாது. பயத்தில் நடுங்கும் கைகளுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. செர்பியாவில் ஆட்சியாளர் மிலோசெவிச்சை எதிர்த்த ஒட்போர் இயக்கத்து இளைஞர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஒரு பீப்பாயில் மிலோசெவிச்சின் முகத்தை ஒட்டி, பக்கத்தில் ஒரு தடியையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் காசு போட்டு ஓர் அடி அடித்தார்கள். கடைசியில் போலீஸ் வந்து பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனது. தெருவில் சேர்ந்து சிரித்தவர்களுக்கு அடுத்த முறை அதே போலீஸைப் பார்த்தால் பழைய அளவு பயம் வராது. 2000 அக்டோபர் 5இல் மிலோசெவிச்சின் ஆட்சி விழுந்தது. பீப்பாயால் விழுந்தது என்று சொல்லவில்லை.

பயத்தைவிடத் துக்கத்தைக் கையாள்வது கடினம். பயந்தவனுக்கு ஓடவாவது தோன்றும். துக்கம் ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிள்ளைகள் நள்ளிரவில் கடத்தப்பட்டார்கள். காவல் நிலையம், படைமுகாம், அமைச்சகம், தேவாலயம் என்று தாய்மார் ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. அந்தக் காத்திருப்பு அறைகளில்தான் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 1977 ஏப்ரல் 30இல் 14 பெண்கள் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்துக்குப் போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அன்று சனிக்கிழமை; அலுவலகங்கள் மூடியிருந்தன, பார்க்க ஆளில்லை. கூடும் நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள், பிறகு வியாழனுக்கு. எனக்கு இந்தச் சனிக்கிழமை மிகவும் பிடித்திருக்கிறது. உலகமே பிற்பாடு கொண்டாடிய ஓர் இயக்கம், கிழமை தவறிப்போன ஒரு மதியத்தில் தொடங்கியிருக்கிறது.

நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் கூட்டமாக நிற்கத் தடை. போலீஸ்காரர்கள் "நிற்காதீர்கள், நகருங்கள்" என்றார்கள். சரி என்று இருவர் இருவராகக் கைகோத்து நகர்ந்தார்கள், சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததே போராட்ட வடிவமாகிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் லுஹான் திருத்தலத்துக்குப் பெரிய யாத்திரை. லட்சக்கணக்கானவர்கள் நடுவே ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று யோசித்து, பிள்ளைகளுக்குக் கட்டிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். குழந்தைக்குக் கட்டும் அந்தத் துணி பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருந்தது. வெள்ளைத் தலைத்துணி அப்படித்தான் பிறந்தது.

அடையாளம் முதலில், போராட்டம் பிறகு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 'தாய்' என்ற அடையாளம் அவர்களிடம் முன்பே இருந்தது, உண்மை. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் அடையாளம். குடும்பம், கிறிஸ்தவ ஒழுக்கம், தாய்மை என்று மேடைக்கு மேடை பேசியது அந்த இராணுவ ஆட்சியேதான். ஆட்சியின் வாயிலிருந்த சொல்லையே எடுத்துக்கொண்டு ஆட்சியின் வாசலில் நின்றார்கள். தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பிள்ளையைத் தேடித்தான் போனார். சுற்றிச் சுற்றி நடந்ததில் ஒருத்தியின் பிள்ளை எல்லோருக்கும் பிள்ளையானது. ஆட்சியாளர்கள் அவர்களைப் 'பைத்தியக்காரிகள்' என்றார்கள். ஆண் கோபப்பட்டால் கலகக்காரன், பெண் கோபப்பட்டால் பைத்தியம் என்ற பங்கீடு எல்லா நாட்டு ஆட்சிகளுக்கும் தெரிந்தே இருக்கிறது.

இதை அழகான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அஸ்தீஸ் என்ற இளம் கடற்படை அதிகாரி, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தம்பி என்று பொய் சொல்லி அவர்களுக்குள் நுழைந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள். 1977 டிசம்பர் 8க்கும் 10க்கும் இடையில், இயக்கத்தைத் தொடங்கிவைத்த அசுசேனா வில்லாஃப்ளோர் உட்பட மூன்று தாய்மாரும், அவர்களுக்குத் துணை நின்ற இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளும் கடத்தப்பட்டார்கள். அன்பை நம்பிக் கட்டிய இயக்கத்துக்குள் உளவாளி நுழைந்ததும் அதே அன்பின் வழியாகத்தான். வில்லாஃப்ளோரின் உடல் எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவருடைய சாம்பல் அதே மே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

1983இல் மக்களாட்சி திரும்பிய பிறகு, 1986இல் தாய்மார் இரண்டு அமைப்புகளாகப் பிரிந்தார்கள். காரணங்களில் ஒன்று எலும்புகள். புதைகுழிகளைத் தோண்டி, கிடைத்த எச்சத்தைப் பெற்றுக்கொண்டு பிள்ளையை அடக்கம் செய்வதா? அல்லது உயிரோடு கொண்டுபோனவர்களை உயிரோடுதான் தர வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருப்பதா? துக்கத்தை முடித்துக்கொள்ளும் உரிமை தாய்க்குச் சொந்தமா, இயக்கத்துக்குச் சொந்தமா என்பதுதான் அடியில் கிடந்த கேள்வி. இயக்கம் வேண்டுமென்றால் காயம் திறந்தே இருக்க வேண்டும் என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. திறந்தே வைத்திருந்த தாய்மாரைத் தவறு என்று சொல்லவும் மாட்டேன்.

இனி அந்த இரண்டு சொற்களுக்கு வருகிறேன். போலந்து, க்தான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளம், 1980 ஆகஸ்ட். கிரேன் இயக்கிய அன்னா வலென்டினோவிச் ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆகஸ்ட் 14இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அவரையும், முன்பே நீக்கப்பட்டிருந்த லேக் வாவென்சாவையும் வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும், சம்பளம் உயர வேண்டும் என்பவை முதல் கோரிக்கைகள். மூன்றாம் நாள், சனிக்கிழமை, நிர்வாகம் இறங்கிவந்தது. வாவென்சா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தார். தொழிலாளர்கள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வெற்றிதானே?

ஆனால் அதற்குள் நகரத்தின் சின்னச் சின்னத் தொழிலகங்களும் போக்குவரத்துத் தொழிலாளர்களும் இவர்களை நம்பி வேலையை நிறுத்தியிருந்தார்கள். டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், நீங்கள் விட்டுவிட்டுப் போனால் நாங்கள் தொலைந்தோம், டாங்கிகள் வந்தால் பஸ்களை வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்டார். வலென்டினோவிச்சும், செவிலியரான அலினா பியென்கோவ்ஸ்காவும் வாசல்களுக்கு ஓடினார்கள். போகிறவர்களை மறித்து, மற்றவர்களுக்காகவும் நிற்க வேண்டும் என்று கத்தினார்கள். பெரும்பாலோர் போய்விட்டார்கள், வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மூன்று நாள் அலுப்பு வேறு. அன்றிரவு உள்ளே தங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர் தொழிலகங்களுக்கு இடையிலான பொதுக் குழுவை அமைத்தார்கள். இரண்டு ஒட்டுப்பலகைகளில் 21 கோரிக்கைகளை எழுதி வாசலில் மாட்டினார்கள். அவற்றில் முதலாவது, சம்பளம் அல்ல, சுதந்திரமான தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31இல் அரசு கையெழுத்திட்டது. அப்படிப் பிறந்த சாலிடாரிட்டி சங்கத்தில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்.

சனிக்கிழமை மதியம் வரை அது 'நாங்கள், கப்பல் தளத் தொழிலாளர்கள்'. சாயங்காலம் 'நாம்'. இடையில் நடந்தது ஒரு வாசலில் சில பெண்கள் தொண்டை வலிக்கக் கத்தியது. வரலாற்று நூல்கள் வாவென்சாவின் மீசையில் மயங்கிக் கிடக்கின்றன. எனக்கு இந்த வாசல்தான் முக்கியமாகப் படுகிறது. இன்னொன்றும் உண்டு. 1970 டிசம்பரில் அதே ஊர்த் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோது சுடப்பட்டார்கள். 1980இல் அவர்கள் தெருவுக்கே போகவில்லை. தளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கதவைப் பூட்டிக்கொண்டார்கள். பத்தாண்டு ஆறாமல் கிடந்த துக்கம் அவர்களுக்கு உத்தி சொல்லிக் கொடுத்திருந்தது. சுடப்பட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்பதும் தொடக்கத்திலிருந்தே கேட்கப்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: உணர்ச்சி வடிந்ததும் ஏன் சரிகிறது? முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொறி விழுந்த இடமெல்லாம் தீப்பிடிப்பதில்லை. 2010 டிசம்பர் 17இல் துனீசியாவின் சிதி பூசித் நகரில் மொஹமத் பூவாசிசி தீக்குளித்தார். 2011 ஜனவரி 14இல் ஜனாதிபதி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். உலகம் இதைத் தனிமனிதத் தியாகம் பற்ற வைத்த தீ என்று எழுதியது. அதற்கு முன்பே, 2010 மார்ச்சில், மொனாஸ்தீர் நகரிலும் ஒரு சிறு வியாபாரி இப்படித் தீக்குளித்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. சிதி பூசித்தில் அன்றே உறவினர்களும் உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களும் கூடினார்கள், படம் எடுத்து வெளியே அனுப்பினார்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஊர் ஊராக எடுத்துச் சென்றன. பூவாசிசி வேலையில்லாப் பட்டதாரி என்ற கதையும் கூடவே பரவியது. அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் அவரைத் தங்களில் ஒருவராக்கிக்கொண்டார்கள். பொய் என்று ஒதுக்குவதைவிட, அடையாளம் எப்படி உருவாகிறது என்பதற்குச் சாட்சியாக இதை எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரிலும் இதுவே. கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1இல் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2இல், அதே நகரில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் மறுத்துக் கைதானார். அப்போது பஸ் புறக்கணிப்பு எதுவும் நடக்கவில்லை. பார்க்ஸ் களைத்துப்போன தையல்காரி, திடீரென்று பொறுமை இழந்தார் என்பது பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. 1943 முதல் அவர் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தின் உள்ளூர்ச் செயலாளர். அந்தக் கோடையில்தான் போராட்டப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். அவர் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தார். பஸ் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே அவருடைய பெண்கள் அமைப்பு நகர மேயரை எச்சரித்திருந்தது. ஒரு நாள் புறக்கணிப்பு என்று தொடங்கியது 381 நாட்கள் நீடித்தது. முதல் நாளுக்குக் கோபம் போதும். இருநூறாவது நாள் காலை மழையில் வேலைக்குப் போக வேண்டிய சமையல்காரப் பெண்ணுக்கு எந்த முனையில் எந்தக் கார் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். முந்நூறு கார்கள் வரை அந்த வேலையில் இருந்தன.

ஆக, அழைத்துவரும் உணர்ச்சி வேறு, நிறுத்திவைக்கும் உணர்ச்சி வேறு. அதிர்ச்சியும் கோபமும் அழைத்துவரும். நிறுத்திவைப்பது நட்பு, ஒருவருக்கொருவர் பட்ட கடன், அடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். 1964இல் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்ய மிசிசிப்பிக்குத் தன்னார்வலர்களாகப் போக ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். போனவர்களையும் கடைசி நேரத்தில் விலகியவர்களையும் சமூகவியலாளர் டக் மக்ஆடம் பிற்பாடு ஒப்பிட்டார். கொள்கைப் பற்றில் பெரிய வேறுபாடு இல்லை. போனவர்களுக்கு, தங்களோடு வரப்போகும் நெருங்கிய நண்பர்கள் அதிகம் இருந்தார்கள்.

சோர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இயக்கத்துக்குள் யாரும் அதைப் பேசுவதில்லை. அமெரிக்காவில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய ஆண்டுகளில் தன்பாலீர்ப்பாளர்கள் நண்பர்களைப் பராமரித்தார்கள், அடக்கம் செய்தார்கள், மெழுகுவத்தி ஏந்தினார்கள். துக்கத்தோடு வெட்கமும் கலந்திருந்தது. 1986 ஜூன் 30இல் அவர்களுடைய உறவைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தங்களைச் சாக விடுகிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகு கெட்டிப்பட்டது. 1987 மார்ச்சில் நியூயார்க்கில் ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட அமைப்பு பிறந்தது. துக்கத்தைக் கோபமாக மாற்று என்பது அதன் அன்றாட மொழியானது. பலன் கிடைத்தது, மருந்துகள் வேகமாக வந்தன. ஆனால் அதே இயக்கத்தில் இருந்து பிற்பாடு அதை ஆராய்ந்த டெபோரா கூல்ட் ஒரு கசப்பான விஷயத்தைக் கவனித்தார். சாவுகள் நிற்காத 1990களின் முதல் பாதியில் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போனது. கோபம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அறையில் அதைச் சொல்ல இடமில்லை. சொன்னால் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. எனவே சொல்லாமலே வராமல் போனார்கள். எந்த உணர்ச்சியைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று ஆட்சிகள் மட்டும் சட்டம் போடுவதில்லை.

சரிவுக்கு இன்னொரு காரணம், 'நாம்' உடைந்து மறுபடி 'நாங்கள்' ஆவது. லைப்சிக்கில் அந்த அக்டோபரில் எழுந்த முழக்கத்தைத் தமிழில் 'நாங்கள்தான் மக்கள்' என்றே சொல்ல முடியும். மக்கள் பெயரால் ஆள்வதாகச் சொன்னவர்களைப் பார்த்துச் சொன்னது, ஆள்பவர் வெளியே. சில வாரங்களில் பெர்லின் சுவர் திறந்ததும் முழக்கத்தில் ஒரே ஒரு சிறு சொல் மாறியது. அர்த்தம் 'நாம் ஒரே மக்கள்' என்றானது. இப்போது கேட்பவர் மேற்கு ஜெர்மனிக்காரர். ஜெர்மன் மொழியில் இரண்டிலும் தன்மைப் பன்மை ஒரே சொல்தான். தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் ஆள் மாறியது தெரிகிறது. கிழக்கு ஜெர்மனியைச் சீர்திருத்தி வாழ விரும்பி முதலில் மெழுகுவத்தி ஏந்தியவர்கள் பலர் அந்த மாற்றத்தில் தனித்துவிடப்பட்டார்கள். 2014இல் டிரெஸ்டன் நகரில் குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களும் அதே பழைய முழக்கத்தையே எழுப்பினார்கள். சொல் மாறவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர் மட்டும் மாறியிருந்தார்: முன்பு ஆள்பவர், இப்போது அகதி.

கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கத்தில் 2011இல் முஸ்லிம்கள் தொழுதபோது கிறிஸ்தவர்கள் கைகோத்துக் காவல் நின்ற படம் உலகம் சுற்றியது. 18 நாளில் ஜனாதிபதி முபாரக் போனார். இராணுவமும் மக்களும் ஒரே கை என்று முழங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 9இல், கெய்ரோவின் மாஸ்பெரோ பகுதியில், ஊர்வலம் போன கிறிஸ்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அதே இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். சதுக்கத்து 'நாம்' பொய்யாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது மெல்லியதாக இருந்தது. 18 நாளில் நெய்த துணி.

நமக்கு மிக அருகில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் இலங்கை கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. மின்வெட்டு, எரிபொருள் வரிசை. ஏப்ரல் 9இல் கொழும்பு காலிமுகத்திடலில் 'கோட்டா கோ கம', அதாவது 'கோட்டாவே போ' கிராமம், முளைத்தது. கூடாரம், நூலகம், இலவச உணவு, பாட்டு. தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள்; 13இல் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார்; 22 அதிகாலை படையினர் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள்.

அந்தத் திடலில் சிங்கள இளைஞர் ஒருவர் 'நாம்' என்று சொன்னபோது மனமாரத்தான் சொன்னார். ஆனால் வடக்கில் பலரின் காதில் அது 'நாங்கள்' என்றே விழுந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு கிளிநொச்சியில் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் தொடர்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள். அவர்களைத் தேடிக் கொழும்பிலிருந்து கூட்டம் வரவில்லை. விறகும் விளக்கும் இல்லாத இரவுகள் தெற்குக்குப் புதிதாக இருந்தன. வடக்குக்கு அவை போர்க்காலத்துப் பழைய இரவுகள். ஆட்சியாளர் பெயர் ஒன்றாக இருந்தும், அவர்மீதான கோபத்தின் வயது வேறாக இருந்தது. மக்களின் ஒற்றுமையைத் தமிழர்கள் குலைத்தார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். பதின்மூன்று ஆண்டு தாமதமாக வந்த அழைப்புக்கு உடனே எழுந்து வரவில்லை என்று குறைபடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இருந்தும் மே 18 அன்று ஒன்று நடந்தது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அந்தத் திடலிலேயே நினைவேந்தல் நடத்தினார்கள். தெற்கில், வெற்றி விழா மட்டுமே கண்டிருந்த ஒரு தேதியில், சிங்களவர்களும் சேர்ந்து நின்றார்கள். பெரிய கூட்டம் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திடலில் கூடாரங்கள் இல்லை. கிளிநொச்சியில் தாய்மார் படங்களோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.